உப்புக் காற்றில் ஆல்டர்னேட்டர்: வீட்டிலேயே கழற்றுவதா, பட்டறைக்கு அனுப்புவதா?

காரின் என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றதும் எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். புதியது எவ்வளவு, பழையதைச் சரிசெய்தால் எவ்வளவு, மெக்கானிக் கூலி எவ்வளவு. மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவருக்கு இந்தக் கணக்கு போதும். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி என்று ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: அதைப் பிடித்திருக்கும் போல்ட் கழன்று வருமா? இதற்கு விடை தெரியாமல் வேறு எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி.

இந்தக் கரையின் காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்பதற்குப் பாம்பனை விடச் சான்று வேண்டாம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் துருவோடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. நம் ஆல்டர்னேட்டர் போல்டுக்குக் கார் கம்பெனி அப்படி எந்தப் பூச்சும் பூசி அனுப்பவில்லை.

ஆல்டர்னேட்டரின் உடம்பு அலுமினியம். அதைத் தாங்கும் போல்ட் இரும்பு. இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அதில் கரைவது அலுமினியம். கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறும்போது முன்பிருந்ததை விட அதிக இடம் கேட்கும். துளைக்குள் இடம் ஏது? பொடி பருத்து, போல்டை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். வெளியே தெரியும் போல்ட் தலை புதுசு மாதிரி இருக்கும். உள்ளே அது துளையோடு ஒன்றாகிப் போயிருக்கும். பெங்களூரில் எடுத்த வீடியோவில் ஓரிரு நிமிடத்தில் கழலும் போல்ட், உச்சிப்புளியில் ஒரு பகலைத் தின்றுவிடுவது இதனால்தான்.

குற்றவாளி அதுதானா?

இந்தப் பக்கத்தில் வயர் முனைகள் செய்யும் குற்றத்துக்கு ஆல்டர்னேட்டர் பழி சுமப்பது அடிக்கடி நடக்கிறது. கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். என்ஜின் ஓடும்போது அது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஹெட்லைட்டையும் ஏசி விசிறியையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், மறு முனையை ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் தடித்த வயரைப் பிடித்திருக்கும் நட்டிலும் வையுங்கள். 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் மின்சாரம் வழியிலேயே தொலைகிறது என்று பொருள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போன வயர் முனையோ, தளர்ந்த இணைப்போ காரணமாக இருக்கும். அதே சோதனையைப் பேட்டரியின் நெகட்டிவுக்கும் ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் நடுவே செய்தால் எர்த் வயரின் வண்டவாளமும் தெரிந்துவிடும். எமரித் தாளைக் கொண்டு முனைகளைத் தேய்த்து இறுக்கியதும் வோல்ட் ஏறிவிட்டால், இந்தக் கட்டுரையின் மீதியை நீங்கள் படிக்க வேண்டியதில்லை.

புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜ் வோல்டைக் கூட்டிக் குறைக்கிறது. அவற்றில் ஒரு கணம் 12.8 காட்டியதை வைத்துக் குறை சொல்ல முடியாது. விளக்குகளைப் போட்டுச் சற்று நேரம் விட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைப் பிடுங்கி, ‘வண்டி நிற்கவில்லை பாருங்கள், டைனமோ நன்றாக இருக்கிறது’ என்று காட்டும் பழைய கைகள் இன்றும் உண்டு. ஆல்டர்னேட்டருக்கு முன்பு காரில் டைனமோ ஓடிய காலத்து வித்தை அது. இன்றைய காரில் பேட்டரி விலகும் அந்தக் கணத்தில் வோல்ட் தாறுமாறாக எகிறும். ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் போகலாம், என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரும் போகலாம். வயதில் எவ்வளவு பெரியவர் வந்தாலும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியுமா என்பதும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் முழுசாக இருந்து சார்ஜ் மட்டும் நின்றிருந்தால், பகலில், ஏசியையும் விளக்கையும் அணைத்துவிட்டு, நிறைந்த பேட்டரியின் பலத்தில் ஓரளவு தூரம் போகலாம். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போய்விடலாம். ராமேசுவரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் என்பது துணிச்சல். மின்சார ஸ்டியரிங் உள்ள காரில் பேட்டரி தளர்ந்ததும் ஸ்டியரிங் கனத்துவிடும். தீவுக்கு இருக்கும் ஒரே சாலைவழியான பாம்பன் பாலத்தின் நடுவில் அது நடந்தால் முன்னாலும் பின்னாலும் நிற்கும் பஸ்காரர்களிடம் வாங்கும் வசை தனி. ஆனால் பேரிங் இறுகிப் பெல்ட் கருகும் வாசனை வந்தால் ஒரு அடி கூட ஓட்டக் கூடாது. பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் போனால் என்ஜின் கொதித்துவிடும். அங்கே வீட்டில் வேலை செய்வதா, ஏற்றிக்கொண்டு போவதா என்ற இரண்டு வழிகள்தாம் மிஞ்சும்.

இடமும் போல்டும்

அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் மிச்சமிருக்கும். இன்றைய சிறு கார்களில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. ஆல்டர்னேட்டர் ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலோ, பின்பக்கச் சுவரை ஒட்டியோ, கீழே ஏசி கம்ப்ரஸருக்குப் பக்கத்திலோ திணிக்கப்பட்டிருக்கும். ஆம்னி போன்ற வண்டிகளில் என்ஜினே முன் இருக்கைக்கு அடியில். ஆக, ‘வீட்டில் மாற்றலாமா’ என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் காருக்கான விடையைப் பெற நான் சொல்வது ஒரு வெள்ளோட்டம். எதையும் பிரிக்காமல், வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

முதல் நாள் மாலை, என்ஜின் ஆறிய பிறகு, போல்ட் துளைக்குள் நுழையும் இடத்திலும் மறுபக்கம் வெளிவரும் இடத்திலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். இரவில் இன்னொரு தடவை. பெல்டின் மீது படக் கூடாது. ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு அடியுங்கள். காலையில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இருப்பவற்றிலேயே கை எட்டுவதற்குச் சிரமமான போல்டை முதலில் தொடுங்கள். பெரும்பாலும் அது ஆல்டர்னேட்டர் சாய்ந்து திரும்பும் கீழ்ப்பக்கத்து நீள போல்ட். எல்லோரும் மேலே கைக்கு எளிதாக வருவதைக் கழற்றி மகிழ்ந்துவிட்டு, பெல்டையும் எடுத்துவிட்டு, கடைசியில் கீழே போய் மாட்டிக்கொள்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். கீழ் போல்ட் கால் சுற்று இளகுகிறதா என்று மட்டும் பாருங்கள். இளகினால் வேலை வீட்டில் நடக்கும். இளகாவிட்டால் திரும்ப எண்ணெய் அடித்து இன்னொரு இரவு பொறுக்கலாம். அப்போதும் அசையவில்லை என்றால் நெகட்டிவை மாட்டிவிட்டு, வண்டியைப் பட்டறைக்கு விடுவதைப் பற்றி யோசிக்கலாம். எதுவும் கெட்டுப்போகவில்லை.

இதற்கு நீளக் கைப்பிடி கொண்ட ராட்செட்டும் ஆறு முனை பாக்ஸும் வேண்டும். பன்னிரண்டு முனை பாக்ஸ் துருவேறிய தலையை உருட்டிவிடும். ஜப்பானியப் பரம்பரைக் கார்களில் 10, 12, 14, 17 மில்லிமீட்டர் அளவுகள் அதிகம் வரும். ஐரோப்பியப் பரம்பரையில் 13, 15, 16. போல்டை ஒரே மூச்சில் கழற்றப் பார்க்காமல், சிறிது இளக்கி, சிறிது இறுக்கி, எண்ணெயை உள்ளே விட்டு, மறுபடி இளக்குவதுதான் இங்குள்ள முறை. இறுக்கும் பக்கம் திருப்புவது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றும். வெள்ளைப் பொடியை நொறுக்கி வெளியே தள்ளுவது அந்தத் திருப்பல்தான். சிலர் கேஸ் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெட்ரோல் குழாயும் பிளாஸ்டிக் வயர் உறையும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும் இடத்தில் தீ வேண்டாம்.

போல்ட் இளகியதா, அடுத்தது வெளியே வரும் வழி. ஒரு சிறு காரின் ஆல்டர்னேட்டர் ஐந்தாறு கிலோ எடை, குறுக்களவு ஒரு சாணுக்கும் குறைவு. கழன்ற பிறகும் அது வெளியே வராமல் அங்கேயே உருண்டுகொண்டிருப்பது அடிக்கடி நடப்பது. முன்பக்கம் இருந்தால் ரேடியேட்டர் விசிறியைக் கூட்டோடு எடுத்துவிட்டால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் கூலன்ட் புட்டியையும் ஒதுக்க வேண்டி வரும். கீழிருந்துதான் வரும் என்றால் அந்தப் பக்கச் சக்கரத்தையும் சக்கரக் குழியின் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுக்க வேண்டும். இதுவரை எல்லாம் வீட்டு வேலை. ஏசி குழாயைத் திறக்க வேண்டும், டிரைவ் ஷாஃப்டை உருவ வேண்டும், என்ஜின் மவுண்டைக் கழற்றி என்ஜினைத் தூக்க வேண்டும் என்ற நிலை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். என்ஜினை ஜாக்கியில் தொங்கவிட்டு வேலை செய்வதற்குச் சமமான சிமென்ட் தரை வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் முற்றம் மணல்.

மணலில் ஜாக்கி நிற்காது. நிற்பது போல் தோன்றும், அதுதான் ஆபத்து. சக்கரத்தை எடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்த பிறகு ஒரு பக்கம் மெல்ல இறங்கும். அகலமான கனத்த பலகை ஒன்றை மணலை அழுத்திச் சமப்படுத்திப் போட்டு, அதன் மேல் ஜாக்கி, பிறகு ஸ்டாண்ட். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போவது எந்தத் தரையிலும் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்கு மேல் மணல் பறக்கும் என்பதால் விடிகாலையில் தொடங்குவது நல்லது. பெல்ட் ஓடும் வழியை முன்கூட்டியே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் போல்டுகளை வரிசை மாறாமல் வைக்க ஒரு பழைய இட்லித் தட்டின் குழிகளுக்கு மேலான பாத்திரத்தை நான் கண்டதில்லை. வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

யார் கழற்றுவது

வீட்டில் செய்வதன் பெரிய லாபம் கூலி மிச்சம் என்று நினைப்பது சரியில்லை. கருவிகள் இல்லாதவர் ராட்செட், பாக்ஸ், நீட்டுக்கம்பி, ஸ்டாண்ட் எல்லாம் வாங்கினால் முதல் தடவையில் மிச்சம் எதுவும் இராது. லாபம் பொறுமையில் இருக்கிறது. எண்ணெயை இரண்டு இரவு ஊறவிட்டுக் காத்திருக்கும் பொறுமை, மணிக்கணக்கில் கூலி பார்க்கும் ஒருவருக்கு வராது. வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர் கம்பியை நீட்டி ஓங்கி அழுத்துவார். பத்தில் ஒன்பது தடவை கழன்றுவிடும். பத்தாவது உங்களுடையதாக இருந்தால் போல்ட் தலை தனியாக வரும், மீதி என்ஜின் பிராக்கெட்டுக்குள் தங்கும். பிறகு துளைபோட்டு எடுப்பதற்கு பிராக்கெட்டையே கழற்ற வேண்டும்.

மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பது நடுவழி. ஒரே மாதிரிக் காரைப் பலமுறை பிரித்தவர் எந்த வழியில் ஆல்டர்னேட்டர் வெளியே வரும் என்று யோசிக்காமலே சொல்லிவிடுவார். அந்த அறிவுக்குக் கூலி கொடுக்கலாம். ஆனால் அவரிடம் வேலை தொடங்கும் முன் ஒன்றைப் பேசி முடித்துவிட வேண்டும்: போல்ட் உடைந்தால் யார் பொறுப்பு? இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். உடைந்த பிறகு கேட்டால் அது சண்டை. ‘அண்ணே, முந்தின நாளே நான் எண்ணெய் ஊறவைத்துவிடுகிறேன், நீங்கள் அவசரமில்லாமல் வாருங்கள்’ என்று சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சினை வராது. வீட்டுக்கு வருபவரால் வெல்டிங் வைத்தோ, துளைபோட்டோ காப்பாற்ற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். கழலாத போல்டுக்கு அவர் மருந்து அல்ல.

அதற்கு மருந்து பட்டறை. போல்டின் உருண்டுபோன தலையில் ஒரு நட்டை வெல்டிங் செய்து, அந்தச் சூட்டிலேயே திருப்பி எடுக்கும் கைகள் ராமநாதபுரத்தில் இருக்கின்றன. விசைப்படகு என்ஜின்களோடு உழைக்கும் மண்டபம், பாம்பன் பட்டறைகளில் இன்னும் தேர்ந்த கைகளைப் பார்க்கலாம். கடல் நீரில் நனைந்த என்ஜினைப் பிரித்துப் பழகியவருக்கு நம் கார் போல்ட் ஒரு பொருட்டே இல்லை. வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் செலவுதான் இந்த வழியின் சுமை. காப்பீட்டில் சாலையோர உதவி சேர்த்திருந்தால் அது குறையும். பாலிசியை எடுத்து ஒரு தடவை பாருங்கள், பலர் பணம் கட்டியும் அதைப் பயன்படுத்துவதில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரண்டி இருக்கும் கார் அங்கேதான் போக வேண்டும். வாரண்டி முடிந்த காருக்கு அவர்கள் பொதுவாகப் பழையதைப் பிரித்துச் சரிசெய்ய மாட்டார்கள். முழு யூனிட்டையும் மாற்றுவார்கள்.

என் தீர்ப்பு இது: வெள்ளோட்டத்தில் கீழ் போல்ட் இளகியது, மேலே சொன்ன மூன்று தடைகளில் எதுவும் இல்லை என்றால் கழற்றுவதும் மாட்டுவதும் வீட்டில். கழற்றியதைப் பிரிப்பது மட்டும் எலக்ட்ரீஷியன் மேசையில். இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கையில் ஆல்டர்னேட்டரை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவருக்குக் காரை ஏற்றிக்கொண்டு போகும் செலவு கிடையாது. ஒரு கடைக்காரர் சொல்வது பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். பட்டறையில் பிரித்துப் போட்ட காரை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது.

எதை மாட்டுவது

கழற்றிய பிறகு நான்கு வழிகள்: அதையே சரிசெய்வது, புதியது, மறுசீரமைத்ததை மாற்றிக்கொள்வது, பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து மாட்டுவது. விலையில் சரிசெய்வது மலிவு. சுழலும் வளையத்தைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கார்பனும், வோல்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும், பேரிங்கும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. புதியதன் விலை காரைப் பொறுத்து ஏறும். ஆனால் நம் கரையில் சரிசெய்வதற்கு விலையைத் தவிர இன்னொரு நியாயமும் இருக்கிறது: இங்கே ஆல்டர்னேட்டர் தேய்ந்து சாவதை விட, ஓடாமல் நின்று கெடுவது அதிகம்.

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கங்களில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். விடுமுறைக்கு வந்ததும் பேட்டரியை மாற்றி ஸ்டார்ட் செய்தால் சார்ஜ் விளக்கு அணையாது. அப்படிப்பட்ட ஒன்றை எலக்ட்ரீஷியன் பிரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பின்மூடியைக் கழற்றியதும் உள்ளே செம்பு வளையங்கள் இரண்டும் பாசி நிறத்தில் பூத்திருந்தன. கார்பனைப் பிடிக்கும் கூட்டை வெளியே எடுத்தார். ஒரு கார்பன் ஸ்பிரிங்கின் தள்ளலில் துள்ளி வந்தது, மற்றது உப்புத் தூளில் சிக்கி உள்ளேயே கிடந்தது. நுனி விரலால் அழுத்தினால் போகும், திரும்பி வராது. வளையத்தைத் தொடாத கார்பன் மின்சாரத்தை எங்கே கொடுக்கும்? “காக்கா, இதற்கு ஆயுசு முடிந்ததா?” என்று கார்க்காரர் கேட்டார் (இந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்). “ஆயுசு நிறைய இருக்கிறது தம்பி, நிறுத்தி வைத்ததுதான் வியாதி” என்று சொல்லிக்கொண்டே நுண்ணிய எமரித் தாளால் வளையத்தைச் சுற்றித் துடைத்தார். புதுக் கார்பன் போட்டதும் சரியாகிவிட்டது. அதே காரைப் பெரிய ஊர் ஒன்றுக்கு ஏற்றிப் போயிருந்தால் முழு யூனிட்டும் மாறியிருக்கும்.

கார்பன் ஐந்து மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. சத்தம் வரும் பேரிங்கை மாற்றும்போது இரண்டு பேரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய பேரிங்கின் ஓரத்தில் 6203 என்பது போல எண் பொறித்திருக்கும். அதே எண்ணில் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். தகர மூடி போட்டது உள்நாட்டுக்குச் சரி, உப்பு ஈரத்துக்கு ரப்பர்தான் தாங்கும். பேரிங் வேலையை வீட்டில் சுத்தியலால் செய்ய வேண்டாம். அடி விழுந்த புது பேரிங் சில வாரங்களில் பழையதை விட மோசமாகக் கத்தும். வேலை முடிந்ததும் மோட்டாரில் சுற்றிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லாத கடையில் கார்பன் வேலை மட்டும் கொடுக்கலாம். டயோடு வேலையும், செம்புக் கம்பிச் சுற்றான காயில் வேலையும் கொடுக்கத் தயங்குவேன்.

புதியதுதான் வேண்டும் என்ற இடங்கள் இரண்டு. ஒன்று, உள்ளே செம்புக் காயில் கருகி, வார்னிஷ் எரிந்த வாசனை வந்தால். திரும்பச் சுற்றிக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். படகு, பம்பு மோட்டார்களுக்கு அது சரியான வழி. கார் ஆல்டர்னேட்டரில் அந்த நெருக்கமும் சூடும் வேறு. திரும்ப ஒரு தடவை அதே குறுகிய இடத்துக்குள் கைவிட வேண்டி வருவதை நினைத்தால் புதியதன் விலை பெரிதாகத் தெரியாது. இரண்டு, போல்ட் நுழையும் அலுமினியக் காதே அரித்து வெடித்திருந்தால். அதை எந்த எலக்ட்ரீஷியனாலும் சரிசெய்ய முடியாது. லூக்காஸ் டிவிஎஸ், பாஷ், வேலியோ போன்ற பெயர்களில் வாங்கும்போதும் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆம்பியர் அளவு, புல்லியில் உள்ள வரிகள், புல்லி கிளட்ச் வகையா சாதாரணமா, சாக்கெட்டில் பின்கள், காதுகளுக்கு இடையே உள்ள தூரம்: இவற்றில் ஒன்று மாறினாலும் அந்த நெருக்கடியான இடத்தில் பெல்ட் கோணலாக ஓடும், அல்லது யூனிட் உட்காரவே உட்காராது. வீட்டில் மாட்டினால் வாரண்டி செல்லுமா என்பதையும் பில் போடும் முன் கேளுங்கள்.

மறுசீரமைத்தது என்று விற்பதில் நல்லதும் உண்டு, பெயிண்ட் மட்டும் அடித்ததும் உண்டு. உங்கள் யூனிட்டை உங்கள் கண் முன்னால் சரிசெய்யும் ஆள் இருக்கும்போது, யாரோ எப்போதோ சரிசெய்ததை வாங்க நான் காரணம் காணவில்லை. ஊருக்குத் திரும்ப அன்றே வண்டி வேண்டும் என்ற அவசரம் தவிர.

பழைய இரும்புக் கடை யூனிட்டை இந்தக் கடற்கரையில் தொடவே மாட்டேன். அது எந்த ஊர்க் காரிலிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. உங்கள் தெருவில் நின்ற காரிலிருந்தே வந்திருக்கலாம்.

திரும்ப மாட்டும்போது

ஆல்டர்னேட்டர் காதின் துளைக்குள் பெரும்பாலும் குட்டைக் குழாய் போன்ற ஒரு இரும்பு புஷ் இருக்கும். முன்பு போல்டை இறுக்கியபோது அது நகர்ந்து பிராக்கெட்டை நெருக்கிப் பிடித்திருக்கும். அப்படியே திரும்ப நுழைக்கப் பார்த்தால் ஒரு மயிரிழை இடம் குறையும்; கீழே படுத்துக்கொண்டு, ஐந்தாறு கிலோவை நீட்டிய கையில் தாங்கியபடி போராடிப் பயனில்லை. வெளியே இருக்கும்போதே ஒரு நீள போல்ட், ஒரு பெரிய பாக்ஸ், ஒரு வாஷரை வைத்து இறுக்கி அந்த புஷ்ஷை ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் தள்ளிவிடுங்கள். வழுக்கிக்கொண்டு உட்காரும். துளையில் இருக்கும் வெள்ளைப் பொடியை வட்டக் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுத்து, போல்டின் வழவழப்பான பகுதியில் ஆன்டி-சீஸ் பசையோ கிரீஸோ மெல்லிசாகத் தடவினால் அடுத்த தடவை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

பின்பக்க வயர்களை, யூனிட்டைப் போல்டில் தொங்கவிட்டுச் சாய்த்த நிலையில் மாட்டுவது எளிது; முழுதாக உட்கார்ந்த பிறகு கை போகாது. அந்தச் சிறு நட்டைப் பலம் காட்டி இறுக்கினால் திருகாணி உடைந்து புது யூனிட் பாழ். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசி ரப்பர் தொப்பியை மூடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கடைசியாக. செத்துப்போன பேட்டரியை ஆல்டர்னேட்டரை வைத்து நிரப்பப் பார்க்காமல், சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்; வெறும் பேட்டரி புதிய ஆல்டர்னேட்டரை முதல் நாளே முழுச் சூட்டில் ஓட வைக்கும்.

கடைசியாக, காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கும். மண்டபம், பாம்பன், ராமேசுவரத்தில் வயரிங் தெரிந்த கை ஒவ்வொன்றும் படகுகளில் இருக்கும். உங்கள் ஆல்டர்னேட்டர் மேசையின் ஓரத்தில் வரிசையில் காத்திருக்கும். பங்குனியிலேயே பேரிங் முனகத் தொடங்கினால், இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விடாமல் தடைக்காலத்துக்கு முன்பே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.